விழிப்புணர்வு இல்லாதவர் எவர்?

(பொதுச் சுகாதார முதுகலை மாணவர்களின் ஆய்வு மாநாடு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கம்)



இத்தகைய மாநாடுகளில் ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாகப் படித்துவருவோர் ஒரே முடிவுரையைத் திரும்பத் திரும்பக் காண்பர். மக்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை. எனவே விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்பட வேண்டும் என்பதே அது. நோய் மாறும், மாவட்டம் மாறும். அந்த வாக்கியம் மட்டும் மாறாது. எழுதும் மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. சில வார காலக் களப்பணியில், மக்களின் அறிவையும் மனப்பான்மையையும் பழக்கத்தையும் மட்டுமே அளக்கும் வினாப்பட்டியலோடு ஊருக்குள் செல்பவர் வேறு எதைக் கண்டுவர முடியும்? மக்களைப் பற்றி மட்டும் கேட்டால், குறை மக்களிடம்தான் தென்படும்.

ஆனால், அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இந்திய மண்ணில் இந்த வாக்கியம் சோதிக்கப்பட்டுத் தோற்றுப்போனது. பொதுச் சுகாதாரம் பயில்வோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

1950களில் காசநோய்க்கான மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் சானடோரியங்களில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் கடுகளவு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு ஒன்று, நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலுமாகச் சிகிச்சை அளித்தது. நெருக்கடியான வீடு, குறைந்த உணவு, ஓய்வின்மை ஆகிய அனைத்தையும் மீறி வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. உடன் வசித்தோருக்குக் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

அதே 1959இல் பெங்களூருவில் தேசியக் காசநோய் நிறுவனம் நிறுவப்பட்டது. அங்கு பணியாற்றியவர்களுள் ஒருவர் தேபபார் பானர்ஜி. மருத்துவம் பயின்றபின் மானிடவியலும் கற்றவர். பிற்காலத்தில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவ மையத்தை உருவாக்கியவர். அவரும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில், காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டவர்களைத் தேடிச் சென்று விசாரித்தனர். கிராமத்து மக்கள் இருமலைப் பொருட்படுத்துவதில்லை, விதியென்று இருந்துவிடுகிறார்கள் என்பதே அன்று படித்தவர்களின் பொதுவான எண்ணம். ஆய்வு காட்டியது வேறு. சளியில் கிருமி இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கோளாறு என்று அறிந்திருந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவமனைக்குச் சென்றும் வந்திருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து!

சென்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். எனில், விழிப்புணர்வு இல்லாதவர் எவர்? நோயாளியா, புட்டியை நீட்டிய மருத்துவமனையா?

1963இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான இந்த ஆய்வு ஏட்டோடு நின்றுவிடவில்லை. இருமலோடு தாமாகவே வருபவரின் சளியை, அவர் வரும் சாதாரண மருத்துவமனையிலேயே நுண்ணோக்கியில் பார்த்தால் போதும் என்ற கருத்தின் மீதுதான் 1962இன் தேசியக் காசநோய்த் திட்டம் எழுந்தது. தனிப்படை வேண்டாம், பொது மருத்துவச் சேவையே அதைச் செய்யட்டும் என்பது அதன் உயிர்நாடி. அந்தப் பொதுச் சேவைக்கோ ஒருபோதும் போதிய நிதியோ ஆட்களோ தரப்படவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் சுகாதார ஊழியர்கள் கருத்தடை இலக்குகளுக்காகத் துரத்தப்பட்டனர். 1990களில் மருத்துவமனை வாசலிலேயே கட்டணம் வசூலிக்கும் ஆலோசனை வந்தது. பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்று 1946இலேயே போர் குழு கூறியிருந்ததை நினைவுகூர்ந்தவர் சிலரே.

இன்றும் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்ற அறிவிப்பும், அதே ஆண்டுக்குள் அரசின் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்ற 2017ஆம் ஆண்டுக் கொள்கையின் வாக்குறுதியும் நிறைவேறவில்லை. முதலாவது நிறைவேறாததற்கும் இரண்டாவது நிறைவேறாததற்கும் தொடர்பில்லை என்று கருதுவது கடினம்.

ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் அண்மையில் நடந்த ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும், சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. 2023இல் முடிவுகள் வெளியாயின. அரிசியும் பருப்பும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பசித்த வயிற்றைப் பற்றி அறிவுரை கூறிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டுமே அந்த முடிவு வியப்பளித்திருக்கும். காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1,000 ஆயிற்று.

இந்த விவரங்களைக் களத்திலிருந்து திரட்டித் தருபவர் எவர்? பெரும்பாலும் ஆஷா ஊழியர். 2005இல் அத்திட்டம் தொடங்கியது முதல் அவர் 'தன்னார்வலர்'. பெறுவது ஊதியமன்று, ஊக்கத்தொகை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கிப் பாராட்டியது. விருது வந்தபின்னும் தன்னார்வலர் என்ற பெயர் மாறவில்லை. முதுகலை முடித்து, பதினொரு மாத ஒப்பந்தத்தில் திட்ட ஆலோசகராகச் சேரும் மாணவருக்கும் அந்த ஊழியருக்கும் இடையே பட்டத்தில் தூரம் அதிகம். பணிப் பாதுகாப்பில் அவ்வளவு தூரம் இல்லை.

பிற்பகல் அமர்வில் மேலும் பல கட்டுரைகள் வாசிக்கப்படவுள்ளன. அவற்றின் வினாப்பட்டியலில் இன்னும் நான்கைந்து கேள்விகளுக்கு இடம் நிச்சயம் இருக்கும். சென்ற முறை நோயாளி போனபோது துணை சுகாதார நிலையம் திறந்திருந்ததா? சளி பரிசோதிக்கப்பட்டதா, முடிவு எத்தனை நாளில் வந்தது? அதற்காக எத்தனை நாள் கூலி போயிற்று? அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள்?