நாவற் கனியும் நம் இருதயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த வரலாற்றைச் சிறு வயதிலேயே நாம் படித்திருக்கிறோம். ஆயுளை வளர்க்கும் கனி என்று அதனைப் புலவர் போற்றினர். கனிக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவைப் பற்றி இக்கால ஆராய்ச்சி என்ன சொல்கின்றது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இலங்கையில் உயிர்களைக் கொள்ளை கொள்ளும் நோய்களுள் முன்னிற்பது இருதய நோய். நாரந்தனையும் அதற்கு விலக்கன்று. ஆதலின் இது வைத்தியர்க்கு மட்டும் உரிய விஷயம் அன்று. வீட்டுக்கு வீடு சிந்திக்கவேண்டிய விஷயம்.

நாவற்பழம் தின்றால் நா கருநீலமாகின்றதே, அது ஏன்? அப்பழத்தின் தோலில் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் உண்டு. நெல்லிக்காயின் துவர்ப்பும் மாதுளையின் துவர்ப்பும் வேறு சில பொருள்களால் வருவன. இவை யாவும் பொலிபீனோல் என்னும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் துவர்ப்பென்று துப்பிவிடுவதிலேயே நன்மை ஒளிந்திருக்கின்றது!

இரத்தக்குழாயின் உட்புறத்தே மெல்லியதொரு தோல் உண்டு. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பர்ச்கொட், குழாயைத் தளரச் செய்யும் ஒரு பொருளை அத்தோலே சுரக்கின்றது என்று கண்டார். அது நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு எனப் பின்னர் தெளிவாயிற்று. அதன் பொருட்டு அவருக்கும் வேறு இருவர்க்கும் 1998 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாயு குறைந்தால் குழாய் இறுகும், இரத்த அழுத்தம் ஏறும், கொழுப்புப் படியும். பொலிபீனோல்கள் அவ்வாயுவின் சுரப்பைப் பெருக்குகின்றன என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து.

எமது தீவுக்கு லைடன் என்று பெயரிட்டவர் ஒல்லாந்தர். அவர்தம் நாட்டிலே சுட்பென் என்னும் நகரில், 65 முதல் 84 வயது வரையுள்ள 805 ஆடவரை ஐந்தாண்டுகள் கவனித்து, 1993 இல் முடிபை வெளியிட்டனர். பொலிபீனோல்களுள் ஒரு பிரிவாகிய பிளவனோயிட்டை மிகுதியாக உண்டவரிடையே, மிகக் குறைவாக உண்டவரிலும் பார்க்க, இருதய நோயால் இறந்தோர் அரைவாசிக்கும் குறைவு. அவர்கள் அதனைப் பெற்றதோ தேநீர், வெங்காயம், அப்பிள் ஆகிய சாதாரண உணவுகளிலிருந்து!

ஆயினும், அன்பர்களே, அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. பழம் விரும்பி உண்பவர் வேறு நல்ல பழக்கங்களும் உடையவராயிருக்கலாம் அல்லவா? அமெரிக்காவில் 21,442 பேரைக் கொண்டு கொக்கோச் சார வில்லையைச் சோதித்தனர். 2022 இல் வந்த முடிபின்படி, இருதய நோயால் மரணம் குறைந்ததாகத் தோன்றினும், இருதய, இரத்தக்குழாய் நோய்கள் மொத்தத்திற் குறைந்தன என்று உறுதியாகக் கூற இயலவில்லை. எனவே கடையில் விற்கும் வில்லைகளுக்குப் பணம் இறைக்க வேண்டாம். முழுப் பழத்தில் நாரும் பொற்றாசியமும் சேர்ந்தே கிடைக்கின்றன. பிழிந்து, வடித்து, சீனி கொட்டிக் குடித்தால் நன்மையில் பெரும் பங்கு சக்கையோடு போய்விடும்.

உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் உண்ணச் சொல்கின்றது. நாவல், நெல்லி, கொய்யா, மாதுளை எல்லாம் நம் மண்ணில் வளர்பவை. இறக்குமதியாகும் திராட்சையைத் தேடி அலைய வேண்டியதில்லை. சலரோகம் உள்ளவர் அளவை வைத்தியரிடம் கேட்டு உண்க. சிறுநீரக நோயாளர் காமரங்காயைத் தொடவே கூடாது. அது அவர்க்கு நஞ்சு.

இன்னும் ஒன்று. புகையிலை விளைந்த பூமி நம்முடையது. ஒரு கையில் நெல்லிக்கனியும் மறு கையில் சுருட்டுமாக நின்றால் கனி தோற்கும், சுருட்டே வெல்லும். பெரியோர்கள் கோபியாதிருப்பார்களாக! உப்பும் அப்படியே, நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் இக்கணக்கிற் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நெஞ்சு இறுகி, வியர்த்து, இடது கை கடுத்தால் "வாய்வு" என்று கசாயம் வைத்துக்கொண்டிராதீர்கள். உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி செல்ல வேண்டிய நமக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர்தான். வந்த நோயைப் பழம் தீர்க்காது. வருமுன் காக்கவே அது துணை செய்யும்.

இளைஞர்களே! உங்களிடம் ஒரு விண்ணப்பம். மாரி மழை தொடங்கும்போது ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு நாவற் கன்றோ நெல்லிக் கன்றோ நடுங்கள். அடுத்த கோடையில் நன்னீர் ஊற்றிக் காப்பாற்றுங்கள். சங்கக் கூட்டங்களில் சோடாவுக்குப் பதில் பழம் வழங்குங்கள். நீங்கள் நடும் நாவலின் கனியை உண்ணப்போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள். அவர்கள் உண்ணும்போது அருகில் இருந்து பார்க்க நீங்களும் நலமாய் இருத்தல் வேண்டும் என வேண்டி விடைபெறுகின்றேன்.