டிராவா நதிக்கரையில் ஒரு நாள்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சொற்பொழிவு ஆற்றுவதற்குரிய புலமை எனக்கு இல்லை. பத்தாம் வகுப்புத் தேறி, பார்சல் ஆபீசில் கணக்கு எழுதிக் குடும்பம் நடத்துகிறவன் நான். ஆயினும், ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில் நானும் என் மனைவியும் சைக்கிளில் கழித்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் டிக்கெட் எடுத்து அனுப்பியதனால் கிட்டிய பிரயாணம் அது. என் சம்பளத்தால் ஆகிற காரியம் அன்று. ஆகவே பெருமை பேசுவதற்காக அல்ல, கண்டதைப் பங்கிட்டுக் கொள்வதற்காகவே உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலி நாட்டின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, டோப்லாக் என்று ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம். ஓட்டு வீட்டின் முகட்டில் விழுந்த மழை இரண்டு தாழ்வாரங்களிலும் பிரிந்து சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். டோப்லாக் மேடு அத்தகைய முகடு. மேற்கே சரியும் நீர் ரியன்ஸ் என்ற ஆற்றில் விழுந்து, வேறு ஆறுகளோடு கலந்து, ஆட்ரியாடிக் கடலை அடைகிறது. கிழக்கே சரியும் நீர் டிராவா என்ற நதியாகி, ஐந்து நாடுகளின் வழியே 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, டான்யூப் நதியோடு சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது.

இந்த டிராவாவின் போக்கை ஒட்டி, டோப்லாக்கிலிருந்து குரோவேஷியா நாடு வரை, 500 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை அமைத்திருக்கிறார்கள். அதன் முதற்பகுதியே எல்லோரும் விரும்பிச் செல்வது. இத்தாலியிலுள்ள சான் காண்டிதோ என்ற சிற்றூரில் புறப்பட்டு, ஆஸ்திரியாவிலுள்ள லியென்ட்ஸ் நகரில் முடியும் 44 கிலோமீட்டர். நாங்கள் சென்றதும் அதுவே.

44 கிலோமீட்டர் என்றதும் இங்கே சிலர் முகத்தில் மலைப்புத் தெரிகிறது. ரயில்வேக்காரர்களுக்கு ரயில்வே கணக்கிலேயே விளக்குகிறேன். சான் காண்டிதோவின் உயரம் 1,175 மீட்டர். லியென்ட்ஸின் உயரம் 673 மீட்டர். 44 கிலோமீட்டரில் 502 மீட்டர் இறக்கம். அதாவது, சராசரியாக 88க்கு 1 என்ற சரிவு. மும்பை – புனே மார்க்கத்தில் போர்க் கணவாயில் நம் வண்டிகள் 37க்கு 1 ஏறுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கடுமை இங்கே இல்லை. சில இடங்களில் சிறு ஏற்றம் உண்டு. மற்றபடி ஆறு போகிற திக்கிலேயே நாமும் போகிறோம். ஆறு நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது என்றே சொல்லலாம்.

இறங்கிப் போனவர்கள் திரும்பி ஏறி வருவது எப்படி? அங்கேதான் நம் இனத்தவர் உதவுகிறார்கள். ரயிலைச் சொல்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் 1871இல் ரயில் பாதை போடப்பட்டது. போட்ட கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? தெற்கு ரயில்வே! நம் தெற்கு ரயில்வே 1951இல் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரியாவில் அந்தப் பெயரில் ஒரு கம்பெனி இருந்திருக்கிறது. இன்றும் அது ஒற்றைப் பாதைதான். கோடைக் காலத்தில் லியென்ட்ஸிலிருந்து சைக்கிளையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வண்டிகள் மேலே வருகின்றன.

இனி என் மனைவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். வயலில் வேலை செய்தவர்களும் கல் உடைத்தவர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். என் மாமியார் அவ்வாறு கற்றுக்கொண்டபோது, பத்து வயதுச் சிறுமியான என் மனைவியும் உடன் கற்றுக்கொண்டாள். பின்னர் உயர்நிலைப் பள்ளிக்கு நாள்தோறும் சைக்கிளில்தான் போய் வந்தாளாம். திருமணமாகிக் கரக்பூர் வந்த பின் சைக்கிள் கைப்பிடியை அவள் தொடவில்லை. வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. இந்தக் காலனியில் குடும்பப் பெண்கள் சைக்கிள் ஓட்டும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். வழக்கம் இல்லை என்ற சொல்லுக்குத் தடை என்ற சொல்லைவிட வலிமை அதிகம்.

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள், காலை எட்டு மணிக்குச் சான் காண்டிதோவில் இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் என் மனைவியின் உயரத்துக்கு ஏற்ப இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்தார். அவள் சல்வார் கமீஸ் அணிந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக முடிந்துகொண்டு, கடை முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். முதற் சுற்றில் கைப்பிடி ஆடியது. இரண்டாம் சுற்றில் ஆடவில்லை. இறங்காமலே என்னைப் பார்த்து, "நீங்கள் பின்னால் வாருங்கள். நான் முன்னால் போகிறேன்" என்றாள். இருபது ஆண்டு இல்லறத்தில் நான் கேட்டிராத வாக்கியம் அது.

பாதையின் பெரும்பகுதியில் மோட்டார் வண்டிகள் வருவதில்லை. இடப்புறமும் வலப்புறமும் புல்வெளி. அறுத்துக் காயப் போட்ட புல்லின் மணம். தொலைவில் மாடுகளின் கழுத்து மணியோசை. டிராவா அங்கே சிறு வாய்க்கால் அளவே இருக்கிறது. நீரின் அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணிவிடலாம். தெற்கே டோலமைட் மலைகள் வெளிறிய சாம்பல் நிறத்தில் செங்குத்தாக நிற்கின்றன.

சில கிலோமீட்டர் சென்றதும் இத்தாலி முடிந்து ஆஸ்திரியா தொடங்கியது. நான் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கேட்பதற்கு யாரும் இல்லை. என் மனைவி பெடலை மிதித்தபடியே அடுத்த நாட்டுக்குள் போய்விட்டாள். இந்த எல்லைக்கு ஒரு கதை உண்டு. முதல் உலகப் போருக்கு முன் இப்பள்ளத்தாக்கு முழுவதும் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. 1919இல் போட்ட உடன்படிக்கையால் மேற்பகுதி இத்தாலிக்குப் போயிற்று. ஜெர்மன் மொழி பேசிய மக்கள் ஒரே நாளில் வேறு நாட்டுக் குடிகள் ஆனார்கள். முசோலினி காலத்தில் அவர்கள் மொழிக்குப் பள்ளியிலும் இடமில்லாமற் போயிற்று. இன்று அங்கே இரு மொழிகளுக்கும் சட்டப்படி சம உரிமை உண்டு. ஸ்டேஷன் பலகையில் சான் காண்டிதோ என்ற இத்தாலியப் பெயரோடு இன்னிகென் என்ற ஜெர்மன் பெயரும் இருக்கிறது. பிற மொழியாரிடையே வாழும் நமக்கு அப்பலகையின் அருமை தெரியும்.

எல்லை பிரித்ததனால், லியென்ட்ஸ் மக்கள் தங்கள் மாநிலத் தலைநகரான இன்ஸ்புருக்குக்கு ரயிலில் நேராகப் போக இத்தாலியைக் கடக்க வேண்டியதாயிற்று. இடையில் இத்தாலிய மண்ணில் யாரும் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற விதியோடு வண்டிகள் ஓடிய காலம் உண்டு. 1998இல் எல்லைச் சோதனை நீக்கப்பட்டது. கதவடைத்து ரயில் ஓடிய அதே பள்ளத்தாக்கில் புதுக்கோட்டைப் பெண் ஒருத்தி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனாள்.

சில்லியான் என்ற ஊரைத் தாண்டினால் ஹைன்ஃபெல்ஸ். குன்றின் மேல் பழைய கோட்டை. கீழே ஓடைக்குக் குறுக்கே கூரை வேய்ந்த மரப்பாலம். பக்கத்தில் வேஃபர் பிஸ்கட் தொழிற்சாலை. அங்கே சைக்கிள்கள் திருவிழாக் கூட்டம் போல நிற்கின்றன. நாங்களும் பிஸ்கட் வாங்கினோம். ஆனால் பசிக்கு உதவியது மியூனிக்கிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரைதான். ஆற்றங்கரைப் பலகையில் அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க தம்பதியர் அருகில் வந்து அமர்ந்தனர். அவர்களும் சைக்கிளில் வந்தவர்களே. மொழி தெரியாததால் சிரிப்பைப் பரிமாறிக்கொண்டோம். என் மனைவி கொடுத்த புளியோதரையை அந்த அம்மையார் சுவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரம்! பிறகு மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன் பின் பள்ளத்தாக்கு குறுகுகிறது. ஆறும் ரயில் பாதையும் சைக்கிள் பாதையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு காட்டினூடே இறங்குகின்றன. மதியத்துக்குப் பின் லியென்ட்ஸ் வந்து சேர்ந்தோம். அங்கே டிராவாவோடு வேறோர் ஆறு கலக்கிறது. அதன் பெயர் நம் காதில் ஈசல் என்றே விழுகிறது. பெயர்தான் ஈசல், உருவமோ யானை. பனிமலைகளிலிருந்து சாம்பல் கலந்த நீரைச் சுமந்து வரும் அது, டிராவாவைவிடப் பெரியது. காலையில் தாண்டிவிடலாம் போலிருந்த ஓடை மாலையில் பெருநதி ஆகிவிட்டதை, அதனோடு கூடவே வந்து கண்ணாரக் கண்டோம்.

மாலை வண்டியில் சைக்கிள்களை ஏற்றினோம். சைக்கிளின் படம் வரைந்த பெட்டி, அவற்றை நிறுத்தித் தனி இடம். பார்சல் ரசீது இல்லை, மூட்டை தூக்குவதுபோல் தூக்குவதும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் புறப்பட்ட ஊருக்கே வந்துவிட்டோம். என் மனைவி ஜன்னல் ஓரமாக அமர்ந்து, தான் ஓட்டி வந்த பாதையைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள். "கால் வலிக்கிறதா?" என்று கேட்டேன். "வலிக்கிறது. நாளைக்கும் வலித்தால் நல்லது" என்றாள்.

அன்பர்களே! நாற்பது வயதைக் கடந்த ஓர் எளிய தம்பதிக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததற்குக் காரணம் எங்கள் உடல் வலிமை அன்று. மோட்டார் பயமில்லாத பாதை, ஆற்றின் போக்கில் அமைந்த சரிவு, திரும்பி வர ரயில் என்று மூன்றையும் யாரோ முன்கூட்டி யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஏற்பாடு இருந்தால் எழுபது வயதினரும் வருகிறார்கள். அந்த மலையை இங்கே கொண்டுவர முடியாது. ஏற்பாட்டைக் கொண்டுவர முடியும்.

இம்மாநிலத்தில் 2015 முதல் ‘சபூஜ் சாத்தி’ திட்டத்தின்கீழ் ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வழங்குகிறார்கள். நம் காலனித் திண்ணைகளில் அந்தச் சைக்கிள்கள் ஞாயிறு முழுவதும் சும்மா நிற்கின்றன. மகளுக்குச் சைக்கிள் இருக்கிறது. தாய் சந்தைக்கு ரிக்‌ஷாவுக்குக் காத்து நிற்கிறாள். சங்கக் கட்டடத்தின் பின்னுள்ள மைதானத்தை ஞாயிறு காலை ஆறு முதல் ஏழு வரை தாய்மார்களுக்கு ஒதுக்கித் தருமாறு தலைவர் அவர்களை வேண்டுகிறேன். கற்றுக்கொடுக்க என் மனைவி இசைந்திருக்கிறாள். சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு நான் இருக்கிறேன். கணவன்மார்கள் வேறு எதுவும் செய்ய வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் காப்பியைத் தாங்களே போட்டுக்கொண்டால் போதும்.