பேக்கரி வாசலில் ஒரு குடும்பம்

(தலைப்பு: கடையில் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் குடும்பத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா? ‘சேர்க்கிறதே!’ என்ற அணியில் இரண்டாவது பேச்சு. இடம்: ஓசூர்)



எதிரணித் தலைவர் பேசிட்டுப் போனாருங்க. “அம்மா கையால சாப்பிட்டவன் கெட்டதில்லை, பேக்கரியிலே பப்ஸ் தின்னவன் உருப்பட்டதில்லை”ன்னு ஒரே போடாப் போட்டார். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா, மத்தியானம் மூணு மணிக்கு இந்த அரங்கத்துக்குப் பின்னாடி இருக்கிற பேக்கரியிலே, அவர் ரெண்டாவது முட்டை பப்ஸைக் கடிச்சுக்கிட்டிருந்தப்ப, டீக்குக் காசு கொடுத்தவளே நான்தான்! (சிரிப்பு)

நடுவர்: அதுக்குள்ளே போட்டுக் கொடுத்துட்டீங்களேம்மா!

இல்லீங்கய்யா, அவர் உருப்பட்டவர்தான்னு சாட்சி சொல்றேன். (கைதட்டல்)

நடுவர் அவர்களே! மற்ற ஊர்லே பேக்கரின்னா பிறந்தநாள் கேக் வாங்குற இடம். ஓசூர்லே அப்படி இல்லை. இங்கே பேக்கரிங்கிறது சங்கு ஊதினா வயிறு போய் நிற்கிற இடம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-லே டிவிஎஸ் 50 இந்த ஊர்லேருந்துதான் வெளியே ஓடி வந்துச்சு. அதே ஆண்டிலே அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை. 1984-லே டாடாவும் டிட்கோவும் கைகோத்து ஆரம்பிச்ச டைட்டனுக்கும் தொழிற்சாலை இங்கேதான். இந்தப் பெரிய பேர்களை எல்லாரும் சொல்லுவாங்க. நான் சொல்ல வந்தது அந்தப் பெரிய பேர்களுக்குப் பின்னாடி, பேரே தெரியாம இருக்கிற லேத்துப் பட்டறைகளை. தகரக் கூரை, நாலு மெஷின், பன்னிரண்டு ஆள். பெரிய வண்டிக்குப் போற சின்ன உதிரிப் பாகமெல்லாம் அங்கேதான் கடையறாங்க.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் என்ன சொல்லிச்சு? 250 பேருக்கு மேல வேலை செய்யற இடமா இருந்தா கேன்டீன் வைக்கணும்னு சர்க்கார் உத்தரவு போடலாம். 2020-லே நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டத் தொகுப்பு அந்தக் கணக்கை 100 பேருக்கு இறக்கிச்சு. நல்லது. ஆனா பன்னிரண்டு பேர் இருக்கிற பட்டறைக்கு? அவனுக்குக் கேன்டீன் எது? தெருமுனை பேக்கரிதானுங்களே! கண்ணாடிப் பெட்டிக்குள்ளே பல்பு எரியும், அதுக்குக் கீழே வெஜிடபிள் பப்ஸ், முட்டை பப்ஸ், காரா பன், தில்பசந்த். வெளியே ரெண்டு ஸ்டூல். அவ்வளவுதான் அவனோட சாப்பாட்டு ஹால்.

அந்தக் கடையிலே மொழிக்குக்கூடப் பஞ்சமில்லை. தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே டீ கிளாஸிலே கலக்குற ஊருங்க இது. மதுரைப் பக்கத்துலேருந்து ஐடிஐ முடிச்சிட்டு ஒரு பையன் புதுசா வந்தான். பேக்கரிக்குப் போனான். கடைக்காரர் கன்னடக்காரர், மரியாதையாத்தான் கேட்டார், “ஏனு பேக்கு?” (சிரிப்பு) என்ன வேணும்னு அர்த்தம். நம்ம பையன் சட்டைக் கையை மடிச்சுவிட்டுட்டான். “யாருய்யா பேக்கு? காசு கொடுத்துத் திங்க வந்தவன் பேக்கா?” (பலத்த சிரிப்பு) அப்புறம் பக்கத்துலே நின்னவர் விளக்கிச் சொல்லி, ஆளுக்கொரு பப்ஸ் தின்னு சமாதானம் ஆனாங்க. இன்னைக்கு அந்தப் பையன் மூணு பாஷையும் பேசறான். பள்ளிக்கூடத்திலேயா கத்துக்கிட்டான்?

இந்தக் கடை நமக்கு வந்த வழியைப் பாருங்க. 1898-லே பெங்களூர் சிக்பேட்டையிலே திருமலாச்சார் என்கிற ஐயங்கார் ஒருத்தர் பேக்கரி போட்டார். அவர் கடைக்கு வந்து போன வெள்ளைக்காரர் ஒருத்தர்தான் ரொட்டி சுடக் கத்துக்கொடுத்தார்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ஹாசன் பக்கத்துலேருந்து வந்தவங்க ஊருக்கு ஊர் ஐயங்கார் பேக்கரி வச்சாங்க. தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் போன கை, ரொட்டி அடுப்புக்குள்ளே போயிருக்கு. முட்டை மட்டும் கிடையாது. முட்டை வேணும்னா பக்கத்து பேக்கரி! (சிரிப்பு)

“கடைக்காரன் அக்கறை இல்லாம எதையோ சுட்டுப் போடறான்”னு எதிரணியிலே அந்த அம்மா சொன்னாங்க. அம்மா, நீங்க ஒரு நாள் விடியக்காலம் பேக்கரியின் பின்கட்டுக்கு வாங்க. மைதாவைப் பிசைஞ்சு, பலகையிலே தேய்ச்சு, நடுவிலே வனஸ்பதியைத் தடவி, புடவை மடிக்கிற மாதிரி மடிப்பாங்க. கொஞ்ச நேரம் தூங்க விடுவாங்க. மறுபடி தேய்ப்பாங்க, மறுபடி மடிப்பாங்க. அவசரப்பட்டாப் போச்சு, கொழுப்பு உருகி மாவோட ஒட்டிக்கும். அப்புறம் உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி மசாலா வச்சு மூடி, சூடான அடுப்புக்குள்ளே தள்ளினா, மாவுலே இருக்கிற தண்ணி ஆவியாகி ஒவ்வொரு மடிப்பையும் தூக்கிவிடும். பொறுமை இல்லாதவனுக்குப் பப்ஸ் எழும்பாதுங்க.

தின்னறதுக்கும் ஒரு பக்குவம் வேணும். ஒரு கையிலே டீ, ஒரு கையிலே பப்ஸ், தாடைக்குக் கீழே கிழிச்ச பேப்பர். முதல் கடியிலே பாதி உதிர்ந்து சட்டையிலே விழும். அதனாலேதான் பப்ஸ் தின்னுட்டு வந்து வீட்டிலே பொய் சொல்ல முடியாது. (சிரிப்பு) தலைவர் ஐயா, உங்க துண்டை இப்பவாவது உதறிடுங்க! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, சிரிச்சது போதும். வேலை செய்யறவன் நின்னுக்கிட்டுத் தின்ன, மாவுக்குள்ளே கறியை வச்சு மூடிச் சுடுற பழக்கம் பேக்கரி கண்டுபிடிச்சதில்லை. நம்ம கிருஷ்ணகிரிக்கு வடக்கே எல்லையைத் தாண்டினா கோலார் தங்கவயல். 1880-லே ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் தோண்ட வந்தது. பழைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலேருந்து நம்ம ஜனம் ஆயிரக்கணக்கிலே போய் இறங்கிச்சு. மூணு கிலோமீட்டருக்கும் மேலே பூமிக்குள்ளே போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரியிலே மூடினாங்க. அந்தச் சுரங்கத்துக்கு மேஸ்திரி வேலைக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவங்களிலே நிறைய பேர் கார்ன்வால் சீமைக்காரங்க. அவங்க ஊர்லே தகரச் சுரங்கம், செம்புச் சுரங்கம். அந்தச் சுரங்கத் தொழிலாளி கையோட கொண்டு போற சாப்பாடு ‘பேஸ்டி’. நம்ம தீபாவளி சோமாசை ஒரு முழ நீளத்துக்குக் கற்பனை பண்ணிக்குங்க... சரி, அரை முழம். (சிரிப்பு) உள்ளே இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் மாதிரி ஒரு கிழங்கு. ஓரத்தைக் கயிறு மாதிரி முறுக்கி மூடியிருக்கும். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். சுரங்கத்துக்குள்ளே எந்த மேஜையை எதிர்பார்க்க முடியும்?

நடுவர்: அம்மா, ஒரு நிமிஷம். அந்தப் பேஸ்டியை வீட்டிலே பெண்டாட்டிதானே செஞ்சு கொடுத்தா? அப்ப நீங்க எதிரணிக்கில்ல பாயிண்ட் கொடுக்கறீங்க?

ஐயா, கேட்பீங்கன்னு தெரியும். வீட்டிலே செஞ்சதுதான். அப்புறம் கடைக்கு வந்துச்சு. இன்னைக்கு இங்கிலாந்திலே ரயில்வே ஸ்டேஷன்லகூட பேஸ்டிக் கடை இருக்குது. கடைக்கு வந்ததாலே அந்த நாட்டு ஜனம் அதைக் கைவிட்டாங்களா? 2012 மார்ச்சிலே அவங்க நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், சூடா விக்கிற பேஸ்டிக்கு 20 சதவீதம் வரின்னார். சூடா இருந்தா வரி, ஆறிப்போனா வரி இல்லை! நாடே கொதிச்சுப் போச்சு. பேஸ்டி சூடா இருக்கா ஆறியிருக்கான்னு பார்லிமெண்டிலே விவாதம். கடைசியிலே மே மாசம் சர்க்கார் பின்வாங்கிச்சு. ஏழை நின்னுக்கிட்டுத் தின்கிற ஒரு பண்டத்துக்குச் சூடு எவ்வளவு முக்கியம்னு அந்த ஜனத்துக்குத் தெரிஞ்சிருக்கு.

உடம்புக்குக் கெடுதல்னு ஒரு பாயிண்ட் வச்சாங்க. அதை நான் மறுக்கலைங்க. வனஸ்பதியிலே டிரான்ஸ் கொழுப்பு இருக்கு, அது இருதயத்துக்கு ஆகாது. 2022 ஜனவரியிலேருந்து எண்ணெய், கொழுப்பிலே அது 2 சதவீதத்துக்கு மேலே இருக்கக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கு. மூணு வேளையும் பப்ஸ் தின்னச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? நான் கேட்கிறது ஒரே கேள்வி. “வீட்டுச் சாப்பாடு, வீட்டுச் சாப்பாடு”ன்னு உருகுறீங்களே, அதை யார் ஆக்கறாங்க? ஆக்கினவங்க அதை எப்போ தின்னாங்க? இதைத் தலைவர் சொல்லவே இல்லை.

எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். எங்கப்பா லேத்துப் பட்டறை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினா ராத்திரி கையிலே ஒரு காகிதக் கவர் இருக்கும். அடியிலே எண்ணெய் ஊறி, கவர் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். நாங்க பிள்ளைங்க மூணு பேரும் அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தே உள்ளே எத்தனை பப்ஸ்னு சொல்லிடுவோம். ஒரு பப்ஸை ரெண்டா உடைச்சா, பெரிய பாதி யாருக்குன்னு ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டைதாங்க எங்க குடும்பத்துக்கு வாரத்திலே ஒரு நாள் திருவிழா.

எங்கம்மா வீட்டிலே ராகிக்களி கிளறி, கீரைக் குழம்பு வச்சு எல்லாருக்கும் போட்டவங்க. நான் எட்டாவது படிக்கறப்ப, அப்பா சம்பளம் பத்தலைன்னு அம்மாவும் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாங்க. நாலரை மணிக்கு எழுந்து சோறாக்கி, நாலு டப்பா கட்டி வச்சுட்டு ஓடுவாங்க. ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாள் சாயங்காலம் எங்க பெரியப்பா சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, வாசல்லேயே ஆரம்பிச்சுட்டார். “உங்க வீட்டு மருமக ரோட்டோரம் பேக்கரியிலே நின்னுக்கிட்டு, ஆம்பளைங்க நடுவுலே பப்ஸ் தின்னுக்கிட்டு டீ குடிக்கிறா!”

வீடு அமைதியாயிடுச்சு. அம்மா வந்தாங்க. எங்க ஆயா கேட்டாங்க, “வீட்டிலே சோறு இல்லாமயா போச்சு?”

எங்கம்மா அதுக்கு முன்னாடி ஆயாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்னைக்குப் பேசினாங்க. சத்தம் போடலை. “அத்தே, சோறு இருக்குது. நான்தான் ஆக்குறேன். விடியக்காலம் ஆக்கினதை நீங்க எல்லாரும் சூடாச் சாப்பிடறீங்க. நான் கம்பெனியிலே மத்தியானம் டப்பாவைத் திறந்தா ஜில்லுனு இருக்குது. ராத்திரி எல்லாருக்கும் போட்டு முடிச்சு நான் உட்கார்றப்ப அதுவும் ஆறிப் போகுது. கல்யாணமாகி வந்து பதினஞ்சு வருஷத்திலே, யாரோ சுட்டு, யாரோ எடுத்துக் கொடுத்து, நான் சூடாத் தின்னது இன்னைக்கு ஒரே ஒரு பப்ஸ். அதுக்கா இந்தப் பஞ்சாயத்து?”

(அரங்கில் அமைதி, பிறகு நீண்ட கைதட்டல்)

பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். ஆயா ஒண்ணும் சொல்லலை. அப்பாவும் ஒண்ணும் சொல்லலை. தலையைக் குனிஞ்சு தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். எதிரணி சொல்ற குடும்பம், பேக்கரிக்குப் போனதாலே உடைஞ்சுதா, இல்லை அதுக்கு முன்னாடியே ஒருத்தரை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தி வச்சிருந்துச்சா? நீங்களே சொல்லுங்க ஐயா.

(மணி அடிக்கிறது)

முடிச்சுடறேன் ஐயா. அடுத்த சனிக்கிழமை அப்பா கவரோட வரலை. கையை வீசிக்கிட்டு வந்தார். எங்களுக்கு முகம் தொங்கிப் போச்சு. சட்டையை மாத்திக்கிட்டு, “எல்லாரும் கிளம்புங்க, ஆயாவும் வரட்டும்”னார். ஆறு பேரும் வரிசையா நடந்து போய் அதே பேக்கரி வாசல்லே நின்னோம். எங்கப்பாவுக்குப் பெண்டாட்டிக்குன்னு கேட்டு வாங்கிப் பழக்கமே கிடையாது. கடைக்காரர்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம காசை எண்ணிக்கிட்டே நின்னார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அண்ணே, இவங்களுக்கு மட்டும் உள்ளேருந்து இப்ப வந்த தட்டுலேருந்து எடுத்துக் கொடுங்க. சூடா இருக்கான்னு தொட்டுப் பார்த்துக் கொடுங்க.”

ஆயாதான் முதல்லே சிரிச்சாங்க.



(பலத்த கைதட்டல்)