ஸ்காட்லாந்துத் தீவுகளின் ஆகாய மார்க்கம்

1934-ஆம் வருஷம் மே மாதம் 29-ஆம் தேதியன்று, ஸ்காட்லாந்தின் வடபகுதியிலுள்ள இன்வர்னெஸ் நகரிலிருந்து காப்டன் பிரெஸன் என்பவர் தம்முடைய சிறிய விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கடலுக்கு அப்பாலுள்ள ஆர்க்னித் தீவுகளின் தலைநகரான கர்க்வாலில் கொண்டுபோய் இறக்கினார். அக்கடிதங்களுக்குச் சாதாரணத் தபால் கட்டணத்துக்கு மேல் ஒரு பென்னிகூட வசூலிக்கப்படவில்லை. சாதாரணக் கட்டணத்தில் கடிதங்களைச் சுமந்து, ஒழுங்காக நடைபெற்ற பிரிட்டனின் முதல் உள்நாட்டு விமானத் தபால், லண்டன், மான்செஸ்டர் முதலிய மகாநகரங்களை விட்டுவிட்டு, ஆடுமாடுகளும் மீன்பிடி படகுகளுமே செல்வமாகக் கொண்ட ஒரு தீவுக் கூட்டத்தை நோக்கி ஆரம்பமாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறைகிறது.

காரணம் பூகோளத்தில் இருக்கிறது. ஆர்க்னியையும் ஸ்காட்லாந்தின் கரையையும் பிரிக்கும் பென்ட்லண்ட் ஜலசந்தி, உலகிலேயே மிகக் கடுமையான நீரோட்டமுள்ள ஜலசந்திகளில் ஒன்று. அதற்கும் வடக்கே ஷெட்லாண்டும், மேற்கே ஹெப்ரடீஸ் தீவுகளும் சிதறிக் கிடக்கின்றன. புயற்காலத்தில் கப்பல் தாமதமானால், நகரவாசிக்கு அது அசௌகரியம். தீவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கோ உயிர்ப் பிரச்னை. 1933-ஆம் ஆண்டிலேயே, இஸ்லே தீவில் வயிற்று நோயால் துடித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரை, ஜிம்மி ஓரெல் என்ற விமானி ஆகாய மார்க்கமாகக் கிளாஸ்கோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஸ்காட்லாந்தின் ஆகாய ஆம்புலன்ஸ் சேவைக்கு வித்திட்டது அந்தப் பிரயாணமே.

யுத்தம் முடிந்து, 1946-இல் விமான ஸ்தாபனங்கள் தேசிய உடைமையாகி, பி.இ.ஏ. என்னும் பிரிட்டிஷ் ஐரோப்பிய விமானக் கழகம் பிறந்தபோது, இந்தத் தீவு மார்க்கங்களும் அதன் வசமாயின. அவற்றில் பலவற்றை உழைத்து உண்டாக்கிய பிரெஸனுக்கு அக்கழகத்தில் நெடுநாள் இடமிருக்கவில்லை. 1948-இல் அவர் வெளியேற நேர்ந்தது. அது நியாயமன்று என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும், வருஷந்தோறும் நஷ்டம் தந்துகொண்டிருந்த அந்த மார்க்கங்களை, லாபந்தரும் பிற மார்க்கங்களின் வருமானத்தைக் கொண்டு கழகம் பல்லாண்டு காப்பாற்றி வந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

இனி, பின்னாளில் இம்மார்க்கங்களுக்கு உழைத்த டர்போபிராப் யந்திரத்துக்கு வருவோம். டர்போபிராப் என்பது ஜெட் யந்திரத்தின் தத்துவத்தைக் கொண்டு விசிறியைச் சுழற்றும் ஏற்பாடு. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார், நதிகளின் பெயர்களைத் தம் யந்திரங்களுக்குச் சூட்டும் வழக்கப்படி, டெவன் பிரதேசத்து நதியொன்றின் பெயரால் டார்ட் என்று அழைத்த யந்திரத்தில், டர்பைன் நிமிஷத்துக்குச் சுமார் 15,000 தடவை சுழலும்; பற்சக்கரங்கள் அவ்வேகத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்து விசிறிக்கு அளிக்கும். மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன்கள் இல்லாமையால் அதிர்வு ஏறக்குறைய மறைந்துவிட்டது. நான்கு டார்ட் யந்திரங்கள் பூட்டிய விக்கர்ஸ் வைகௌண்ட் விமானத்தில் மேஜைமீது ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திவைக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். 1950 ஜூலை 29-ஆம் தேதி லண்டனை அடுத்த நார்தோல்டிலிருந்து பாரிஸுக்கு அவ்விமானம் கட்டணம் செலுத்திய 14 பிரயாணிகளுடன் பறந்ததே, உலகில் டர்போபிராப் விமானம் பொதுமக்களை ஏற்றிச்சென்ற முதல் பிரயாணம். அடுத்த மாதமே, கலைவிழா நடந்துகொண்டிருந்த எடின்பரோவுக்கும் அது போய்வந்தது. பிற்பாடு 440-க்கும் அதிகமான வைகௌண்டுகள் உருவாகிப் பல கண்டங்களிலும் பறந்தன. நம் இந்தியன் ஏர்லைன்ஸும் 1957 முதல் அவற்றை வைத்திருந்தது.

பாரிஸும் ரோமும் சீக்கிரத்தில் ஜெட் விமானங்களுக்கு மாறிவிட, வைகௌண்டுகள் வடக்கே வந்தன. ஷெட்லாண்டின் சம்பர்க் விமானத் தளத்தில், வடகடல் காற்று வீசியடிக்கும் ஓடுபாதையில், அவை ஆண்டுக்கணக்காக இறங்கி ஏறின. பெரிய நகரங்கள் பயன்படுத்திக் கழித்ததுதானே தீவுகளுக்கு வந்தது என்று சொல்வாருண்டு. ஆனால் குறுகிய தூரத்தில், ஒரே நாளில் பலமுறை ஏறியிறங்கும் உழைப்பைத் தாங்குவதே ஒரு யந்திரத்துக்குக் கடுஞ்சோதனை. டார்ட் அதில் தேறிய விதத்தைப் பார்க்கும்போது, அது தீவுகளுக்கென்றே பிறந்ததோ என்று தோன்றுகிறது.

டார்டைத் தாமதமாக ஏற்ற ஹெரால்ட் என்னும் மற்றொரு விமானத்தின் கதையோ துக்ககரமானது. ஹாண்ட்லி பேஜ் கம்பெனியார் அதை முதலில் நான்கு பிஸ்டன் யந்திரங்களுடன் அமைத்து 1955 ஆகஸ்டில் பறக்கவிட்டார்கள். சிறு ஊர்களுக்குப் பறக்கும் கம்பெனிகள் பழகிய யந்திரத்தையே நம்பும் என்பது அவர்கள் கணக்கு. மூன்றே மாதங்களில் ஹாலந்தின் போக்கர் கம்பெனி, இரண்டு டார்ட் யந்திரங்களுடன் தன் எப்-27 விமானத்தைப் பறக்கவிட்டது. தவற்றை உணர்ந்து ஹெரால்டுக்கும் டார்டைப் பொருத்தி 1958-இல் மறுபடி கொண்டுவந்தபோது சந்தை கைநழுவியிருந்தது. ஸ்காட்டிஷ் மார்க்கங்களில் பி.இ.ஏ. ஓட்டுவதற்கென்று அரசாங்கம் மூன்று ஹெரால்டுகளை வாங்கிக்கொடுத்தும், மொத்தம் 50 விமானங்களுக்கு மேல் அந்த இனம் பெருகவில்லை. 1970-இல் கம்பெனியே மூடப்பட்டது. பிரிட்டிஷ் யந்திரத்தின் மகத்துவத்தை அந்நிய நாட்டார் முதலில் உணர்ந்தார்கள் என்பது மனத்தை வருத்துகிறது.

1960-இல் முதன்முதலாகப் பறந்த ஆவ்ரோ 748 என்னும் விமானத்துக்கோ அதிர்ஷ்டம் இருந்தது. கரடுமுரடான குறுகிய தளங்களிலும் இறங்கவல்ல உறுதியான விமானம் அது. கான்பூரில் நாமே 89 விமானங்கள் கட்டினோம். வடகடலில் எண்ணெய் கிடைத்த பிறகு, 1970-களில், அபர்தீனிலிருந்து சம்பர்க்குக்குத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஆவ்ரோ 748-கள் ஓயாமல் பறந்தன.

பெரிய கழகத்துக்குக் கட்டுப்படியாகாத மிகச் சிறு தீவுகளுக்கு, 1962-இல் தோன்றிய லோகன்ஏர் கம்பெனி வழி செய்தது. ஆர்க்னியில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகளுக்கிடையே இரண்டு மைலுக்கும் குறைந்த தூரத்தை, அட்டவணைப்படி இரண்டு நிமிஷத்தில், 1967 முதல் அது கடந்து வருகிறது. அங்கே ஓடும் ஐலண்டர் விமானத்தில் இருப்பவை பிஸ்டன் யந்திரங்கள்தாம். இருந்தும் அந்த மார்க்கத்தை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆம்புலன்ஸ் சேவையும் 1973-இல் லோகன்ஏர் கைக்கு வந்தது. அச்சேவையின் விலை சிறிதன்று: 1957-இல் இஸ்லேயில் ஒரு ஹெரான் விமானம் விழுந்தபோது, விமானப் பணியாளர் இருவருடன் ஜீன் கென்னடி என்ற தாதியும் உயிரிழந்தார். பி.இ.ஏ. தன் மற்றொரு ஹெரான் விமானத்துக்கு அந்த அம்மையாரின் பெயரைச் சூட்டியது.

ஹெப்ரடீஸின் பாரா தீவில் ஓடுபாதையே கடற்கரை. மணலில் மரக்கம்பங்கள் நட்டு மூன்று பாதைகள் குறித்திருக்கிறார்கள். கடல் ஏறினால் மூன்றும் நீருக்குள். ஆகையால் 1936 முதல் அங்கே விமான அட்டவணையைச் சந்திரனும் சமுத்திரமுமே நிர்ணயிக்கின்றன.

பிரிட்டன் இப்போது இத்தகைய டர்போபிராப் விமானங்களைக் கட்டுவதில்லை. 1997-இல் ஜெட்ஸ்ட்ரீம் 41 விமானத்தின் உற்பத்தியோடு அந்தத் தொழில் முடிந்தது. ஷெட்லாண்டுக்குப் பறக்கும் ஏடிஆர் விமானங்கள் பிரான்ஸின் துலூஸ் நகரில் கட்டப்பட்டவை. பாராவின் மணலில் இறங்குவது கனடாவில் உதித்த ட்வின் ஆட்டர். 19 ஆசனங்கள் உடையது. பழைய விமானங்கள் தேய்ந்துபோனபோது, அந்த மார்க்கத்தைக் கைவிடாமல், 2015-இல் ஸ்காட்லாந்து அரசாங்கம் பொதுப் பணத்தில் புதிய ட்வின் ஆட்டர்கள் இரண்டை வாங்கிக் கொடுத்தது. கிளாஸ்கோவிலிருந்து பாராவுக்கும், டைரீ தீவுக்கும், காம்பல்டவுனுக்கும் அவற்றையே லோகன்ஏர் ஓட்டத் தொடங்கியது.