புதிய எருசலேம் ஆலயத்துக்கு ஊர் சேர்ந்து ஒரு குழு



தரங்கம்பாடிக்காரர்களுக்குக் கடலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். மாசிலாமணிநாதர் கோயிலில் ஒரு பகுதியை அது கொண்டுபோனது. 2004 டிசம்பரில் நம் வீடுகளுக்குள்ளேயே வந்தது. பாதிரியார் சீகன்பால்கு 1707-ல் கட்டிய முதல் எருசலேம் ஆலயமும் கடலுக்குத்தான் இரையாயிற்று. அதன் பிறகு, நகர வாயிலைத் தாண்டிக் கோட்டைக்குப் போகும் தெருவில், 1718-ல் எழுந்ததுதான் புதிய எருசலேம் ஆலயம். மறு வருடமே, 36 வயதில் சீகன்பால்கு கண்மூடினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய அந்த மனிதர் உறங்குவது அந்த ஆலயத்துக்குள்தான்.

நான் அந்த ஆலயத்தின் சபையைச் சேர்ந்தவன் அல்ல. இருந்தும் இந்த மேடையில் நின்று கேட்கிறேன்: வழிபாடு சபையாருடையது; 300 ஆண்டு தாண்டிய அந்தச் சுவர்களைக் காக்கும் பாரம் மட்டும் ஏன் அவர்கள் தலையிலேயே இருக்க வேண்டும்?

அலை அடித்தால் ஊரே ஓடி வரும். உப்புக்காற்று அரிப்பதற்கு யார் வருவார்? செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன்மேல் அவசரத்துக்குச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு பூத்து, செங்கல் பொரிந்து மாவாய் உதிரும். மேல்தளத்தில் பறவை போட்ட விதை அரசங்கன்றாகி, வேர் விரிசலுக்குள் இறங்கும். விரல் பருமனில் இருக்கும்போது எடுத்துவிட்டால் ஒருநாள் வேலை. விட்டுவிட்டால் சுவரையே பிரித்துக் கட்ட வேண்டிவரும். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவருகிறார்கள். அவர்கள் கையோடு நம் பிள்ளைகள் இருவரையாவது பழக்கிவிட வேண்டும். எனக்கு இதுதான் பெரிய கவலை, பணம்கூட அல்ல.

இந்தப் பாரத்தைப் பகிர ஊர் சேர்ந்து ஒரு குழு அமைப்போம். இங்கிலாந்தில் கான்டர்பரி பேராலயத்துக்கு 1927-லேயே இப்படி நண்பர்கள் குழு அமைத்தார்கள். நமக்கும் வழி இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் கையெழுத்திட்டால் சங்கம் பதிவாகும். அந்த ஏழு பேரில் மீனவர், கடைக்காரர், ஆசிரியர், இந்து, இஸ்லாமியர் எல்லாரும் இருக்கட்டும். பெண்கள் கட்டாயம் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆராதனையிலோ, சபைத் தேர்தலிலோ, காணிக்கையிலோ இந்தக் குழு தலையிடாது. வங்கிக் கணக்கு தனி. வரவும் செலவும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டப்படும். கட்டடம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குச் சொந்தம். அவர்களுடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது. நல்லெண்ணம் இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் சொத்தில் ஏணி சாய்க்க முடியாது.

ஐப்பசி மழைக்கு முன்னால் மேல்தளத்தைப் பார்த்தாக வேண்டும். தண்ணீர் இறங்கும் குழாய்களில் அடைத்திருக்கும் சருகை அள்ள வேண்டும். அதற்கு அனுமதி கேட்கும் கடிதம் மேசைமேல் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே பெயர் எழுதும் நோட்டும் இருக்கிறது. பணம் தர இயலாதவர்கள் தங்கள் தொழிலை எழுதுங்கள். இந்த ஊரில் ஏணி ஏறத் தெரிந்தவர்கள் யார் யார் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.