வீட்டுப் பள்ளியும் வீட்டு மொழியும்



பழனிமலைக்குப் பொதினி என்பது பழம்பெயர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்ட மலை அது. அம்மலைத்தொடரின் உச்சியில் இன்று கல்வியின் பெயரால் ஒரு புது முயற்சி அரும்பியிருக்கிறது. நகர வாழ்வில் சலிப்புற்றுக் கோடைக்கானலைச் சூழ்ந்த சிற்றூர்களில் குடியேறிய குடும்பங்கள் சில, தம் மக்களைப் பள்ளிக்கு விடுக்காமல் வீட்டிலேயே கற்பிக்கின்றன. தனித்திருக்கும் பிள்ளைக்குத் துணை வேண்டுமே! அதற்காக, உலகெங்கும் உள்ள அத்தகைய குடும்பங்களோடு இணையத்தின் வழியே கூடிக் கற்கும் குழுக்கள் தோன்றியுள்ளன. "உம் பிள்ளை கண்ணாற் கற்பவனா, செவியாற் கற்பவனா, கையாற் கற்பவனா? அவனவன் இயல்புக்கேற்ற பாடம் இங்கே உண்டு" என்று அவை அழைக்கின்றன. 2020-இல் மகுடைத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், இவ்வழைப்பு நடுத்தரக் குடும்பங்களின் செவியிலும் விழத் தொடங்கியது.

இதனை எள்ளி ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. மதிப்பெண்ணையும் அச்சத்தையும் மாறிமாறி ஊட்டும் கூடத்தினின்று தம் பிள்ளையை மீட்க எண்ணும் பெற்றோரை எவர் குறை கூற இயலும்? 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றி வெளிப்படையாக ஒன்றும் கூறவில்லை. பதினான்கு அகவை நிரம்பிய பிள்ளை நடுவணரசின் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். ஆகவே வழி அடைபட்டிருக்கவில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. அவ்வீட்டுப் பள்ளியின் பயிற்றுமொழி எது?

இக்கேள்விக்குக் கோடைக்கானலின் வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது. கீழ்நாட்டு வெப்பமும் நோயும் தம் மனைவி மக்களின் உயிரைக் கவர்ந்தமையால், அமெரிக்க மதுரைச் சமயப் பணிக் குழுவினர் மலையேறி, 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். பிள்ளைகளைக் கல்விக்கென்று கடல்கடந்து அனுப்பிப் பிரிந்திருக்கும் துயரைத் தவிர்க்க, 1901-இல் தமக்கென ஒரு பள்ளியும் கண்டனர். ஐகிளெர்க் என்னும் பெயரில் விளங்கிய அதுவே இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அவர்கள் தமிழறியாதவர்கள் அல்லர். தமிழில் பேசியும் எழுதியும் பணியாற்றியவர்கள். ஆயினும் தம் பிள்ளைகளுக்குத் தம் தாய்மொழியிலேயே கற்பித்தனர். அது குற்றமன்று, இயற்கை. அயல்மண்ணில் வாழ்ந்தும் அவர்கள் விடாத இயற்கையைத் தமிழன் தன் மண்ணில், தன் வீட்டிற்குள் இருந்துகொண்டே கைவிடுவதுதான் வியப்பு!

ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்குக்கூட மாலை நான்கு மணி என்று ஒன்று உண்டு. மணியடித்ததும் அவன் வீட்டிற்கு ஓடிவந்து, "அம்மா, பசிக்கிறது" என்று தமிழிற் கூவுவான். வீடே ஆங்கிலப் பள்ளியாகிவிட்டால் அந்த நான்கு மணி அவனுக்கு எப்போது வரும்? 2006-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு இயற்றிய தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளையே கட்டுப்படுத்தும். வீட்டுக் கதவைத் தட்ட அதனால் இயலாது. அங்கே காவலர் பெற்றோர் மட்டுமே.

இனி, கண்ணாற் கற்பவன், செவியாற் கற்பவன் என்னும் பாகுபாட்டைப் பார்ப்போம். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங்கு என்பார் 1992-இல் பார்த்தல், கேட்டல், படித்தெழுதல், செய்தல் என நால்வகையாக இதனை வகுத்துப் பரப்பினார். பிள்ளைக்குப் பிள்ளை விருப்பம் வேறுபடும் என்பது உண்மையே. ஆனால், அவ்வகைக்கு ஏற்பப் பாடத்தை மாற்றினால் கல்வி மிகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாசுலர் முதலிய உளவியலறிஞர் நால்வர் 2008-இல் ஆய்ந்துரைத்தனர். செவிப்பிள்ளை என்று முத்திரை குத்தியதனாலேயே ஒருவன் வரைபடத்தைப் பாராமல் மலையின் அமைப்பை அறிந்துவிட முடியுமா? கற்கும் பொருளுக்கேற்பவே புலன் வேண்டும்.

மாணாக்கர் இயல்பு வேறுபடும் என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் எண்ணிக் காட்டினார். அன்னமும் ஆவும் முதன்மாணாக்கர். மண்ணும் கிளியும் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கர். இவ்வகுப்பு கண்ணையும் செவியையும் பற்றியதன்று. முயற்சியையும் ஊன்றிப் பயிலும் திறத்தையும் பற்றியது. எனவே, மேலையர் கூறியது அனைத்தும் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவதும் பொருந்தாது. ஆயினும் அந்த ஆட்டை மட்டும் சற்று உற்று நோக்குங்கள். ஒரு செடியில் ஒரு வாய், மறுசெடியில் ஒரு வாய். எதிலும் வயிறு நிரம்பாது. செல்பேசியில் படத்துக்குப் படம் தாவும் இன்றைய சிறுவனைப் பவணந்தியார் எங்கே கண்டார்!

அதைவிட அரியது, அவர் காட்டும் கல்விக் கணக்கு. ஆசான் உரைத்ததை முற்றக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு உரைப்பதாலேயே வரும். வீட்டில் தனித்திருந்து திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு முதற்பங்கு கிடைக்கலாம். மற்ற மூன்றையும் எங்கே பெறுவது? கற்றற் குழுக்களின் தேவை இங்கேதான் இருக்கிறது. அக்குழு ஏன் தமிழிற் கூடக் கூடாது?

கருவி இல்லை என்று கூறவும் வழியில்லை. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், அயலகத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே மழலைக் கல்வி முதலாகப் பாடங்களை இணையத்தில் ஏற்றியது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பள்ளி மூடிய காலத்தின் இழப்பை ஈடுசெய்ய, 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலைதோறும் தெருவிலும் திண்ணையிலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். கனடாவிலிருந்து ஒரு தமிழ்ச் சிறுமி தமிழ் கற்கத் திரைமுன் அமர, பூம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சிறுவன் தமிழை மறக்கத் திரைமுன் அமர்வதா?

கையாற் கற்பவனுக்குப் பழனிமலையைப் போன்ற பள்ளி எது? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு மேல்மலை ஊர்களின் வயலிலேயே விளைகிறது. அதனை நட்டு, களைந்து, பிடுங்கி, உலர்த்தி, தரம்பிரிக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அவ்வூர் உழவரிடம் சொல் உண்டு. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது; அடுத்து 2030. இன்று ஆறு அகவைப் பிள்ளை அன்று இன்னும் வளர்ந்திருப்பான். அதுவரை அவன் எண்ணிக் காத்திருக்கக் கற்பதும் கல்வியே. காட்டின் கிழங்கையும் தேனையும் மருந்தையும் அறிந்த பளியர் தம் மக்களுக்குப் பள்ளியின்றியே அவற்றைப் பயிற்றி வந்தவர்கள். அவர்தம் பேச்சில் வாழும் செடிகொடிப் பெயர்கள் திரையில் வரும் பாடத்திற் காணக்கிடைக்குமா?

கோடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துப் பெற்றோர் கிழமைக்கு ஒருநாள் தம் பிள்ளைகளை ஓரிடத்திற் கூட்டலாம். அங்கே பெரியோர் பேச்சு குறையட்டும். ஒரு பிள்ளை, தான் அவ்வாரம் கற்ற கணக்கையோ அறிவியலையோ மற்றொரு பிள்ளைக்குத் தமிழில் விளக்கட்டும். சொல் கிடைக்காமல் திணறினால் அனைவரும் சேர்ந்து தேடட்டும். மலையிறங்கிய பிள்ளைகளும் அயலகப் பிள்ளைகளும் இணையத்தின் வழியே அதில் கலந்துகொள்ளட்டும். திங்களுக்கு ஒருமுறை பளியர் முதியவர் ஒருவரை ஆசானாக அழைத்துக் காட்டுக்குள் நடக்கட்டும். அவரைக் கூலி கொடுத்தே அழைக்க வேண்டும். தேனெடுத்துப் பிழைப்பவர்க்கு ஒருநாள் வேலை கெடுவது சிறிதன்று.