கையில் தொழில் உண்டு, சான்றிதழ் எங்கே?



நம்மில் பலர் பதினைந்து, இருபது ஆண்டுகளாக ஒரே தொழிலில் இருக்கிறோம். வெல்டிங், வயரிங், பட்டறை, சமையல். புதிதாக வரும் பையனுக்கு வேலை கற்றுக் கொடுப்பதும் நாம்தான். ஆறு மாதத்தில் அவன் சூப்பர்வைசர்; நாம் அதே இடத்தில். கேட்டால், “உனக்குச் சான்றிதழ் இல்லை” என்கிறார்கள்.

வேலையிடத்தில் பாகுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் அதற்கொரு சாக்கை நாமே ஏன் கொடுக்க வேண்டும்? தோட்டத்தை விட்டு வெளியேறியபோது, பால்மரம் சீவிய நம் பெற்றோரின் திறமைக்குப் பட்டணத்தில் மதிப்பில்லாமல் போனது. அந்த நிலை நமக்கும் வரவேண்டாம்.

முதலாவது, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். இது 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. இதற்காக மறுபடியும் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. பி.பி.தி. என்றொரு வழி உண்டு. அனுபவத்தையே தகுதியாக ஏற்கும் முறை அது. நீங்கள் செய்த வேலையின் படங்கள், முதலாளியின் கடிதம் போன்ற ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அதைச் சரிபார்ப்பார். விவரங்களை ஜே.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டுத் துறையில் கேளுங்கள்.

இரண்டாவது, பயிற்சி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், பொதுவாகச் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப்புக்குக் கட்டுகின்றன. அந்தப் பணம் தொழிலாளர்களின் பயிற்சிக்குத்தான். ஆகவே, “என்னையும் பயிற்சிக்கு அனுப்புங்கள்” என்று எழுத்து மூலம் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல.

மூன்றாவது, கையெழுத்து. “நீயே ராஜினாமா எழுதிக் கொடு” என்று மிரட்டினால், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கினால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். அறுபத்தோராவது நாள் வந்தால் எந்த வழக்கறிஞராலும் அந்தக் கதவைத் திறக்க முடியாது.

இன்றிரவே வீட்டில் ஒரு கோப்பு தொடங்குங்கள். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இ.பி.எப். கணக்கறிக்கை, செய்த வேலையின் படங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குப் பிள்ளைகள் உதவுங்கள்.

நம் உழைப்புக்குச் சாட்சி நம் கையில் இருக்கட்டும்.